கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை

பென்னாகரத்துக்குத் தெற்கே இருக்கிறது ஏரியூர். இன்னும் சற்று இறங்கி நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் போனால் மேட்டூர் நீர்த்தேக்கம். இந்த ஊரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரு பேருந்துப் பயணம்தான். எல்லோரும் ‘சிபியு’ என்றே சொல்லும் அந்தப் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பென்னாகரமோ தருமபுரியோ போகிறார்கள். கடைக்காரர் தன் ஒயர்களைச் சொருகிப் பட்டனை அமுக்குகிறார். திரையில் விண்டோஸ் வந்து நிற்கிறது. “நல்லாத்தானே இருக்குதுங்க” என்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் மறுபடி உயிரில்லை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கும் கடைக்கும் இடையில் நான்கு விஷயங்கள் மாறியிருக்கின்றன. கரண்ட் மாறியது. மானிட்டரும் ஒயர்களும் கடையுடையவை. பேருந்துக் குலுக்கலில் உள்ளே தளர்ந்திருந்த ஏதோ ஒரு துண்டு மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். பல மணிநேரம் அணைந்து கிடந்ததில் பெட்டி முழுக்க ஆறியும் இருக்கிறது. பழுது இந்த நான்கில் ஒன்றில் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம். கடையில் ஓடியது என்ற செய்தியே ஒரு சோதனை முடிவுதான். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பழுதுகளை வீட்டிலேயே பிடித்துவிடலாம். மீதிப் பாதிக்குக் கடைக்குப் போகும்போதும் எதைக் காட்ட வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

தேடும் வழி

கம்ப்யூட்டரில் பழுது தேடுவதற்கு மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. வரிசை தெரிந்தால் போதும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி கடைமடையில் நின்று தோண்டுவதில்லை. மதகில் தொடங்கி வாய்க்கால் நெடுக நடந்து, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறார். இங்கே ஓடுவது மின்சாரம். மின்கம்பம், மீட்டர், சுவர் பிளக், யுபிஎஸ், பெட்டிக்குள் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசசர், ராம், திரைக்குப் போகும் படம், ஹார்ட் டிஸ்க், கடைசியாக விண்டோஸ் என்று அது போகும் வழி ஒன்றுதான்.

பட்டனை அமுக்கியதும் நான்கு கேள்விகள். விளக்கு எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? விண்டோஸ் வருகிறதா? விளக்கே இல்லையென்றால் சுவரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். விளக்கும் ஃபேனும் உண்டு, திரை கறுப்பு என்றால் ராம், போர்டு, மானிட்டர் ஒயர். எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்றால் டிஸ்க். எல்லாம் வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறது என்றால் சூடு அல்லது கரண்ட். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் “கம்ப்யூட்டர் ஆன் ஆகல” என்று மட்டும் சொல்வதால்தான் டிஸ்க் கெட்ட பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றுகிற கதைகள் நடக்கின்றன.

கூடவே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ராமைத் துடைத்து, ஒயரையும் மாற்றி, பேட்டரியையும் கழற்றி மாட்டி, பிறகு ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது வரும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவர்

நம் வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் அது கீழே இறங்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை ஏசி வோல்டேஜில் வைத்து, பிளக்கின் இரண்டு கீழ்த்துளைகளில் காலையிலும் மாலையிலும் ஒருமுறை அளந்தால் வீட்டின் நிலை தெரிந்துவிடும். விரல் உலோக முனையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அளந்த எண்ணை எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிட வேண்டும். சிலவற்றில் 100–240 என்று இருக்கும், சிலவற்றில் 200–240. முன்னது 170 வோல்ட்டிலும் கவலைப்படாமல் ஓடும். பின்னது அதே 170-இல் தடுமாறி அணையும், அல்லது பட்டனை அமுக்கினாலும் எழாது. கடையில் ஓடி வீட்டில் ஓடாத பெட்டிகளில் ஒரு பகுதியின் கதை இந்தச் சின்னத் தாளில் எழுதியிருக்கிறது. லேப்டாப் அடாப்டர்களில் ஏறக்குறைய எல்லாமே 100–240 வகை என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

குறைந்த வோல்டேஜைவிட அதிகம் ஏமாற்றுவது நொடிக்கும் குறைவான இடைவெளி. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும்போது ஃபேனும் லைட்டும் அசைவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. உள்ளே வரும் கரண்ட் அறுந்தாலும், தன் மின்தேக்கியில் இருப்பதைக் கொண்டு எஸ்எம்பிஎஸ் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிமுறை கேட்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழு அலை 20 மில்லி நொடி. ஆக ஒரு அலை தவறுவதற்குள் அது கைவிட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறம் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று இரண்டு நிலை கொண்ட சுவிட்ச் ஒன்று உண்டு. நார்மலில் மாறுவதற்கு 40 மில்லி நொடிவரை எடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் உண்டு. யுபிஎஸ் நிலையில் பத்துப் பதினைந்துக்குள் மாறிவிடும்.

அப்படியானால் எல்லோரும் யுபிஎஸ் நிலையிலேயே வைத்துவிடலாமே என்றால், அங்கே இன்னொரு சிக்கல். அந்த நிலையில் லைன் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் கரண்ட் இல்லை என்று முடிவுகட்டிப் பேட்டரிக்குப் போய்விடும். நார்மலில் 100 வோல்ட் வரைகூட லைனிலேயே ஓட்டும். லோ வோல்டேஜ் உள்ள வீட்டில் யுபிஎஸ் நிலையில் வைத்தால் பேட்டரி காலியாகும். நார்மலில் வைத்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். தீர்வு, வீட்டு இன்வெர்ட்டரை நார்மலில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைப்பது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்ப் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் அது பேட்டரியின் குறை. கம்ப்யூட்டரைக் குறைசொல்ல அதில் ஒன்றுமில்லை.

எர்த்

வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம். “கம்ப்யூட்டர் லேசா ஷாக் அடிக்குதுங்க” என்பது கிராமத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒன்று பேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோகச் சட்டத்துக்குப் போகிறது. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால், இரண்டு மின்தேக்கிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சட்டம் ஏறத்தாழ பாதி வோல்டேஜில், 115 வோல்ட் அளவில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்குள்தான் என்பதால் கூச்சத்தோடு நின்றுவிடுகிறது. பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அது வீட்டில் எர்த் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதை அலட்சியம் செய்யக்கூடாது. நாளைக்கு உள்ளே ஒரு காப்பு உரிந்து பேஸ் நேராகச் சட்டத்தில் பட்டால், அதை மண்ணுக்கு இழுத்து ஃபியூஸைப் போக்க வேண்டிய ஒயர் இல்லை. தொடுபவரின் உடம்புதான் அந்த ஒயர். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் சொருகும் அடாப்டர், மேல் பின்னை அறுத்த பிளக், மூன்றாவது ஒயர் இழுக்காத மலிவு ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவை வழக்கமான காரணங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கூச்சம் வந்தால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். கல்லும் சரளையுமான தருமபுரி மண்ணில், கோடையில் ஈரம் வற்றினால் குழி வேலை செய்யாது. அங்கே அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது பழைய, பலனுள்ள பழக்கம்.

சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் வரும் இடிக்கு ஸ்பைக் பஸ்டரை நம்பி இருக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கி வைப்பதே வழி. பலர் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள்; மோடத்திலிருந்து வரும் லேன் ஒயர் மாட்டியபடியே இருக்கும். இடிக்குப் பிறகு மற்றதெல்லாம் ஓடி, நெட் மட்டும் வராமல் போகிற கம்ப்யூட்டர்களில் லேன் துளைக்குப் பின்னால் இருக்கும் சிப் போயிருக்க வாய்ப்புண்டு. ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்

சுவர் சரி என்று தெரிந்த பிறகுதான் பெட்டியின் பக்கப் பலகையைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்து, வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அந்தத் தொடுதலில் இறங்கிவிடும்.

எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துத் தரும் பெட்டி. மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பொது. ஊதா ஒயர் தனி ரகம். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அதில் 5 வோல்ட் இருக்கும். பல மதர்போர்டுகளில் எரியும் சிறு விளக்கு அதனால்தான். அந்த விளக்கு எரிந்து, பட்டனை அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை என்றால், பட்டனையே சந்தேகப்படலாம். பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு முள் இணைப்பைக் கழற்றி, அந்த இரண்டு முட்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால், பட்டன் செய்யும் வேலையை அது செய்யும். பெட்டி எழுந்தால் போனது பட்டன் மட்டும்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகவும் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டிலிருந்து 24 முள் இணைப்பைக் கழற்றி, அதில் பச்சை ஒயரின் துளையையும் பக்கத்தில் ஒரு கறுப்பின் துளையையும் வளைத்த கம்பியால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் போய்விட்டது. சுற்றினால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக வரும் புதிய வகையில் இந்த வேலையைக் கடையில் விட்டுவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யக்கூடாது: எஸ்எம்பிஎஸ் டப்பாவின் திருகுகளைக் கழற்றுவது. உள்ளே வரும் கரண்ட் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கலாம். பல்லி செத்துக் கிடக்கிறது என்பதற்காகக்கூடத் திறக்க வேண்டாம்.

கறுப்புத் திரை

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. கடைகளில் இதை “டிஸ்ப்ளே வரல” என்பார்கள். முதலில் மானிட்டரை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்தால், ‘நோ சிக்னல்’ போன்ற ஏதாவது ஒரு வரி வரவேண்டும். வந்தால் மானிட்டர் சரி. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில் ஒயர் அந்தக் கார்டில் மாட்டியிருக்கிறதா, தவறி மதர்போர்டின் துளையில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ராம். கறுப்புத் திரைக்குக் காரணமாகவும், காசில்லாமல் சரியாகிவிடுவதாகவும் அதிகம் இருப்பது இதுதான். ராமின் பொன்னிற முனைகளில் தூசியும் ஈரமும் மெல்லிய படலமாகப் படிந்து தொடர்பை அறுக்கும். இரு பக்கக் கிளிப்புகளையும் தள்ளிக் கழற்றி, வெள்ளை அழிரப்பரால் முனைகளை மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, டக்கென்று கிளிப் பூட்டும் ஓசை வரும்வரை அழுத்த வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து, பிறகு மற்றொன்றை மட்டும் வைத்து, இடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த ராமை எந்த இடத்தில் வைத்தபோது ஓடியது என்பதிலிருந்து பழுது ராமிலா, அது உட்காரும் இடத்திலா என்று பிரிந்துவிடும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்வது. கம்ப்யூட்டர் விழித்தவுடன் தன் உறுப்புகளைத் தானே எண்ணிப் பார்க்கிறது. 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசியிலேயே இந்தச் சுயசோதனை இருந்தது. எல்லாம் சரியென்றால் ஒரு சிறு பீப். ராம் இல்லாதபோது போர்டு உயிரோடு இருந்தால் பீப் பீப் என்று கத்திப் புகார் செய்யும். அந்தக் கத்தல் நல்ல செய்தி. பிராசசரும் போர்டும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் பீப் ஸ்பீக்கர் வைப்பதில்லை. மலிவான சிறு துண்டு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். புதிய போர்டுகள் சிலவற்றில் ஒலிக்குப் பதில் சிபியு (இங்கே பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (திரை), பூட் (டிஸ்க்) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை.

அதன்பிறகும் எழாவிட்டால் பெட்டியை மெலிய வைக்க வேண்டும். போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் ஆகியவை மட்டும். டிஸ்க், டிவிடி, கார்டு, யுஎஸ்பியில் மாட்டிய எல்லாம் வெளியே. இந்த நிலையில் எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, எதைச் சேர்த்ததும் விழுகிறது என்று பார்க்கலாம். ஃபேன் அரை நொடி சுற்றி நின்றுபோகிற பெட்டிகளுக்கு இதுவே மருந்து. ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருப்பதைக் கண்டு எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது.

போர்டில் உட்கார்ந்திருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியின் குறும்பு வேறு மாதிரி. அது 3 வோல்ட் தர வேண்டும். ஓய்ந்துவிட்டால் சுவர் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால் வங்கி, தேர்வு விண்ணப்பம் போன்ற பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. அவற்றின் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் செல்லும் என்பதை பிரவுசர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வைத்துத்தான் பார்க்கிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் முன் திரையின் ஓரத்தில் தேதியைப் பார்ப்பது நல்லது.

சூடும் தூசியும்

பங்குனி முதல் வைகாசி வரை தருமபுரிப் பக்கத்து வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரைக்குக் கீழே அறை இன்னும் காயும். இருபத்தைந்து டிகிரி அறைக்கும் நாற்பது டிகிரி அறைக்கும் உள்ள பதினைந்து டிகிரி அப்படியே பிராசசரின் தலையில் ஏறும். இன்டெல் பிராசசர்கள் பல 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடி, மதியம் இழுத்து இழுத்து ஓடி, பிறகு சட்டென்று அணைகிற கம்ப்யூட்டரில் வைரஸ் தேடுவதற்கு முன் ஃபேனைப் பார்க்க வேண்டும்.

தூசியை எடுக்க பெயின்ட் பிரஷும் சைக்கிள் பம்பும் போதும். பஞ்சர் கடையின் காற்று வேண்டாம். கம்ப்ரஸர் காற்றோடு நீர்த்துளியும் எண்ணெயும் வரும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். பிராசசருக்கும் அதன் மேலிருக்கும் அலுமினியத் தொகுதிக்கும் நடுவில் பூசிய பசை ஆண்டுக்கணக்கில் காய்ந்து பொடியாகியிருக்கும். பழையதைத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பசை வைத்தால் போதும். அதிகம் வைப்பதால் அதிகம் குளிராது.

சூடு உடனே அணைப்பதோடு நிற்பதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலும் போர்டிலும் உள்ள உருளை வடிவ மின்தேக்கிகளுக்குள் திரவம் இருக்கிறது. பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் குறையுள்ள திரவத்தோடு வந்த மின்தேக்கிகள் உலகமெங்கும் போர்டுகளைச் சாகடித்தன. இன்றும் அடையாளம் அதேதான். தட்டையாக இருக்க வேண்டிய உருளையின் தலை புடைத்திருக்கும். சிலவற்றில் பழுப்புக் கசிவும் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை, கடைக்குப் போகலாம்.

டிஸ்க்

மற்ற எல்லா உறுப்புகளையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். டிஸ்கில் இருப்பதை வாங்க முடியாது. அதனால் இங்கே மட்டும் வரிசை மாறுகிறது. முதலில் காப்பி, அப்புறம்தான் சோதனை.

டிஸ்க் தானா என்று அறிய ஒரு வழி, பென் டிரைவில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்புவது. அது தடையின்றி ஓடினால் கரண்ட், போர்டு, ராம், திரை எல்லாம் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். குறை டிஸ்கிலோ விண்டோஸிலோதான். அந்த லினக்ஸிலிருந்தே கோப்புகளை வேறொரு டிரைவுக்கு எடுத்துவிடலாம். ராமில் சந்தேகம் மிச்சமிருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலை ஓர் இரவு ஓடவிட்டு, காலையில் சிவப்பு வரி ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

டிஸ்குகள் தம் உடல்நிலையைத் தாமே எழுதிவைக்கின்றன. அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் கவனிக்க வேண்டியவை நான்கு வரிகள். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய பகுதிகள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நான்காவது 199. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைவிட அதன் டேட்டா ஒயர் மீதுதான் சந்தேகம்; எலி கடித்த ஒயரோ தளர்ந்த முனையோ போதும். ஒயரை மாற்றிப் பார்க்காமல் டிஸ்கைத் தூக்கி எறியக்கூடாது.

இந்தக் குறிப்பேட்டை எவ்வளவு நம்பலாம்? 2007-இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். மேற்பரப்பைப் படிப்பதில் முதல் பிழை தோன்றிய டிஸ்குக்கு, பிழையில்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அதே ஆய்வில் செத்த டிஸ்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலே செத்திருந்தன. ஆகவே கெட்ட எண் வந்தால் நம்ப வேண்டும். நல்ல எண் வந்தால் நிம்மதி அடையக்கூடாது. டிக் டிக் என்று தலை அடித்துக்கொள்ளும் ஓசை வந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருப்பதைத் தேய்க்கும். எஸ்எஸ்டிக்கு அந்த ஓசையும் கிடையாது, ஒரு நாள் காணாமலே போய்விடும்.

மடியில் இருப்பது

இந்தப் பகுதியின் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியது அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் கிடைத்தது. அண்ணன் வாங்கியது தங்கைக்கு வந்து, இன்று பேட்டரி செத்த நிலையில் சுவரோடு மாட்டியபடி ஓடிக்கொண்டிருக்கும்.

லேப்டாப்புக்கும் வழி அதேதான். வாய்க்கால் மட்டும் சிறிது. அடாப்டரில் எழுதியுள்ள வோல்டேஜ், பெரும்பாலும் 19-ஐ ஒட்டியது, முனையில் வருகிறதா என்று அளக்கலாம். வந்தும் எழவில்லை என்றால் அடாப்டரையும் கழற்ற முடிந்த பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, அடாப்டரை மட்டும் மாட்டி முயல வேண்டும். திரை கறுப்பு என்றால் வெளி மானிட்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் இருட்டறையில் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தால், பின்விளக்கு மட்டும் போயிருக்கும்போது மங்கலான படம் தெரியும். டச்பேடு மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ அடிப்பலகை உப்பினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தாமல், அழுத்தாமல், சார்ஜ் போடாமல் கழற்றக் கொடுக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது

இத்தனைக்கும் பிறகு தருமபுரிப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கலாம். அப்போது பெட்டியோடு ஒரு தாளும் போகட்டும். மாலையில் வீட்டு வோல்டேஜ் இவ்வளவு, ஊதா ஒயர் விளக்கு எரிகிறது, ராம் இல்லாமல் பீப் வருகிறது, ஒரு ராமோடும் திரை இல்லை, டிஸ்கைக் காப்பி எடுத்தாயிற்று என்று நான்கைந்து வரி. கடைக்காரருக்கு அது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். நமக்கும் அவர் சொல்வது புரியும்.

“போர்டு போச்சுங்க” என்று அவர் சொன்னால், மரியாதையாகவே மூன்று கேள்விகள் கேட்கலாம். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தீர்களா அண்ணா? வேறு ராம் போட்டீர்களா? புடைத்த மின்தேக்கி, கருகிய இடம் ஏதாவது கண்ணில் பட்டதா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் போர்டு போனது உண்மைதான். பழைய தலைமுறை போர்டு மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. புதியதை வாங்கினால் பிராசசரும் ராமும் கூடவே மாற வேண்டியிருக்கும். அந்தச் செலவில் பயன்படுத்திய ஒரு முழுப் பெட்டியே கிடைக்கும் என்றால் அதை வாங்குவதில் தவறில்லை. பழைய பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வந்தாலும், அதிலிருக்கும் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.